நடக்க முடியாத அண்ணி

பல்லக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். பல் கட்டும் பட்டறையில் வேலை. பல் டாக்டர்கள் ஆளின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் பெயர்த்தெடுத்து, மேலே மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, செட்டாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். கல்யாண வீடுகளில் சிரிக்கிறவர்களில் யாருடைய சிரிப்பு சொந்தச் சிரிப்பு, யாருடையது தன் கைவேலை என்று அவளுக்குத் தெரியும். வெளியே மூச்சு விட்டதில்லை. ஆனாலும் அவளிடம் பேசும்போது வயதானவர்கள் தானாகவே உதட்டை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

அவளுக்கும் ஒரு பழக்கம் உண்டு. கோபம் வந்தால் வாய் திறக்காது, பல்லைக் கடிப்பாள். பல்லைக் கடிக்கிறவர்களின் அச்சு பட்டறைக்கு வந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து பலகை மாதிரி இருக்கும். தன் வாயை அச்செடுத்துப் பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இப்போது ஓய்வு. கல்யாணமான புதிதில், மகள் தவழ ஆரம்பித்த சமயத்தில், கம்பெனி அவரைத் தலைநகரத்துக்கு மாற்றியது. ஆறேழு வருஷம் அங்கே. லீவு கிடைத்தால் வருவார், பெட்டியைப் பிரிப்பதற்குள் கிளம்பிவிடுவார். "என்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க" என்று ஒவ்வொரு லீவிலும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். எட்டு ஆம்பளைகள் ஒரே ரூமில் படுத்திருக்கிறோம், துணி மாற்றக்கூட மறைவு கிடையாது, கக்கூஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும், அங்கே எங்கே உன்னைக் கொண்டுபோய் வைப்பது. நியாயமாகத்தான் பட்டது. அவர் படும் பாட்டை நினைத்து அவள் சில ராத்திரிகளில் வருத்தப்பட்டதும் உண்டு.

வேலையைவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அந்த நகரத்தைப் பற்றி அவர் அள்ளி விடாத நாள் கிடையாது. நான் ஏறாத மாடி இல்லை, நான் பார்க்காத சந்து இல்லை என்பார். கேட்டுக் கேட்டு மகளுக்கே காது புளித்துவிட்டது. அவள் யாரையும் கேட்காமல் ரயிலுக்கும் லாட்ஜுக்கும் பதிவு பண்ணிவிட்டு அப்பாவிடம் சொன்னாள்: "அம்மா ஒரு தடவையாச்சும் பாக்கட்டும். நடந்தே சுத்திக் காட்டுங்க. பழைய நகரத்துக்குள்ள வண்டி போகாதாம்." அம்மாவுக்கு நடக்க ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவும் வாங்கிக் கொடுத்தாள்.

அவர் முகம் சுருங்கிப்போனது. வெயில் என்றார், கூட்டம் என்றார், முழங்கால் வலி என்றார், பார்க்க என்ன இருக்கிறது என்றார். நேற்றுவரை சொர்க்கமாக இருந்த ஊர் ஒரே ராத்திரியில் குப்பைமேடாகிவிட்டது. மகள் விடவில்லை.

லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு, டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, காலையிலேயே கிளம்பினார்கள். முழங்கால் வலி என்ற மனுஷன் பின்னால் போலீஸ் துரத்துகிற மாதிரி நடந்தார். அவள் ஒரு கடையைப் பார்க்க நின்றால், நிமிர்வதற்குள் அவர் தலை கூட்டத்தில் எங்கேயோ தெரியும். ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்ததும், "இப்படி நின்னு நின்னு வந்தா எப்படி?" என்பார். பார்க்க வந்தவள் நிற்காமல் எப்படிப் பார்ப்பாள்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் ஊர் நன்றாக இருந்தது. அதை மறைக்க முடியாது. பூட்டுகளை மட்டும் விற்கிற ஒரு தெரு. வாசலுக்கு வாசல் சாவிகளை அராவுகிற சத்தம், பல் கூசும். அடுத்த தெரு முழுக்கக் காகிதம். கட்டுக்கட்டாக முதுகில் சுமந்துகொண்டு ஆட்கள் பக்கவாட்டில் நண்டு மாதிரி போனார்கள். ஒரு இடத்தில் வீடுகளுக்கு நடுவே படிக்கட்டே தெருவாக ஏறியது; படிகளில் பெண்கள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மேலே ஏறினால் ஆறும் அதன்மேல் இரும்புப் பாலமும் தெரிந்தன. அங்கே மட்டும் அவர் நின்றார். தூரத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டடத்தைக் காட்டி, அதில் லிஃப்ட் ஓடுவது தன்னால்தான் என்றார். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"நீங்க இருந்த ரூமைக் காட்டுங்க" என்று கேட்டாள். "அந்த எட்டு பேர் ரூம்."

அதை இடித்துவிட்டார்கள் என்றார். இடித்த இடத்தையாவது காட்டுங்கள் என்றாள். ரொம்ப தூரம், நேர் எதிர்த்திசை என்றார். சொல்லிவிட்டு இறங்கி நடந்தார், முன்னைவிட வேகமாக.

அந்த நேரத்தில் யாரும் அவருக்குச் சதி செய்யவில்லை. குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். கயிறு கட்டி எல்லோரையும் ஒரு பக்கத் தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். அவர் தயங்கினார், திரும்பிப் போகலாம் என்றார். பின்னால் கூட்டம் தள்ளியது. வேறு வழியில்லாமல் உள்ளே நுழைந்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைப்பதுபோல முகத்தில் வைத்தவர் எடுக்கவே இல்லை. இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று பார்த்துக்கொண்டே அவள் பின்னால் போனாள்.

தெருவின் நடுவில் ஒரு மாடி வீடு. கீழ் வாசலில் மேசை போட்டு ஒரு அம்மாள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"லிஃப்ட் அண்ணா!"

அவர் கேட்காத மாதிரி நடந்தார். பல்லக்காதான் நின்றாள். அதனால் அவரும் நிற்க வேண்டியதாயிற்று.

"கூப்பிடக் கூப்பிடப் போறீங்களே. என்னத் தெரியலையா?"

தெரியாமல் என்ன. அந்த இஸ்திரிக்காரம்மாவின் புருஷன் அவருக்குக் கீழே ஹெல்ப்பராக இருந்தவன். அவன் செத்து வருஷக்கணக்காகிறதாம். அதை அவள் சொன்னாள். அவர் "அடடா" என்றார். அவரைப் பார்த்ததில் அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம், கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. பிறகு பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்தாள்.

"இது யாரு அண்ணா?"

"வீட்டுல" என்றார் அவர், வாய்க்குள்ளேயே.

இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பல்லக்காவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கடைசியில் கான்வாஸ் ஷூவில் வந்து கண் நின்றது.

"அண்ணி! நடந்தா வந்தீங்க? உங்க கால் சரியாயிடுச்சா?"

பல்லக்கா தன் காலைக் குனிந்து பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்றே புரியவில்லை. பதில் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார். "அது அப்பவே ஆபரேஷன் பண்ணிச் சரியாப் போச்சு. சரிம்மா, நேரமாச்சு, இன்னொரு நாள் வர்றோம். வா, போலாம்."

பழைய பொய் எதுவென்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் இந்தப் புதுப் பொய் அவள் கண்ணெதிரே, அவள் காலை வைத்தே பிறந்தது. அவள் போகவில்லை. துணி மூட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எனக்கு என்னன்னு சொல்லியிருந்தாரு?" என்று கேட்டாள்.

இஸ்திரிக்காரம்மாவுக்குச் சூது வாது எதுவும் தோன்றவில்லை. நெடுநாள் கதையைச் சொல்ல ஆள் கிடைத்த மாதிரி சொன்னாள். பிரசவத்தில் நரம்பு இழுத்து இடது கால் விளங்காமல் போய்விட்டது, படி ஏற முடியாது, பஸ் ஏற முடியாது, அதனால்தான் அண்ணி இங்கே வந்து இருக்க முடியவில்லை. இந்தத் தெருவுக்கே தெரியும். கம்பெனிக்கும் தெரியும். "எங்க வீட்டுக்காரர் எத்தனை தடவை சொல்லியிருப்பாரு தெரியுமா அண்ணி? கூட்டிட்டு வாங்க அண்ணா, நாலு பேரு சேந்து நாற்காலியோட தூக்கி மாடிக்கு ஏத்திடுறோம்னு. இவருதான், வேண்டாம்டா, அவ கூச்சப்படுவான்னு சொல்லிடுவாரு."

"மாடின்னா எது?"

"இதோ, இந்த மேல் வீடுதான். குடும்பஸ்தருக்குன்னு கம்பெனி கொடுத்தது. பாவம், ஒத்தையா கிடந்தாரு அத்தனை வருஷமும்."

பல்லக்கா தன் புருஷனைப் பார்த்தாள். அவர் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை, பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படித்துக்கொண்டிருந்தார்.

மேல் வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். குடியிருந்தவர்கள் காலி பண்ணிப் போய், வெள்ளையடித்துப் போட்டிருந்தது. சாவி இஸ்திரிக்காரம்மாவிடம்தான் இருந்தது. "எதுக்கு இப்ப, பழைய வீட்டுல என்ன இருக்கு" என்று அவர் இழுத்தார். அவரை யாரும் கேட்கவில்லை. இரண்டு பெண்களும் ஏறினார்கள். அவர் கீழேயே நின்றுகொண்டார்.

ஏறும்போது இஸ்திரிக்காரம்மா திரும்பிக் கேட்டாள். "நான் கொடுத்து விட்ட தைலம் எல்லாம் பிரயோஜனமா இருந்துச்சா அண்ணி? ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பாட்டில் கொடுத்து விடுவேன். காலுக்குச் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லி."

பச்சை மூடி போட்ட பாட்டில். நன்றாக ஞாபகம் இருந்தது. தன் அப்பா முதுகுக்கு என்று சொல்லித்தான் அவர் கொடுப்பார். மாமனார் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். அந்தத் தைலத்தைச் சூடு பண்ணி அவர் முதுகில் தேய்த்தது பல்லக்காவின் கைதான். எங்கேயோ எட்டு பேரோடு அல்லாடிக்கொண்டிருக்கிற மனுஷன், அப்பா முதுகை மறக்காமல் தைலம் வாங்கி வருகிறாரே என்று மனசு இளகியதும் அவளுக்குத்தான்.

மேலே ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. சமையலறையில் குழாய். திறந்து பார்த்தாள், தண்ணீர் வந்தது. அந்த வருஷங்களில் அவள் தெருமுனைப் பம்பில் அடித்து, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகச் சுமந்தாள். சுவரில் மர அலமாரி, மேடை, புகை போக வழி. ஒரு குடும்பம் தாராளமாக இருக்கலாம். படுக்கையறையில் கதவு இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. துணி மாற்ற மறைவு இல்லை என்றாரே, அந்தத் தாழ்ப்பாளை அவள் ஒரு தடவை போட்டு, எடுத்துப் பார்த்தாள்.

சமையலறை ஜன்னலைத் திறந்தாள். எதிரே மஞ்சள் நிறத்தில் பெரிய கட்டடம். அதன் தாழ்வாரத்தில் பெண்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

"அது என்ன?"

"பிள்ளைங்க ஆஸ்பத்திரி அண்ணி. நெஞ்சுச் சளி, இழுப்பு எல்லாத்துக்கும் எங்கெங்கேருந்தோ இங்கதான் வருவாங்க."

"எப்பலேருந்து இருக்கு?"

"நான் கல்யாணமாகி வந்தப்பவே இருக்கே."

பல்லக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மகளுக்கு அந்த வயதில் இழுப்பு. மழை வந்தால் போதும், விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும், உதடு நீலம் பாரிக்கும். ஒரு பக்கம் மாமனார் மலம் கழித்துவிட்டுக் கூப்பிடுவார், இன்னொரு பக்கம் பிள்ளை மூச்சுக்குத் திணறும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பவுண்டர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். அவர் தூக்கக் கலக்கத்தில் ஊசி போட்டுவிட்டு, தலைநகரத்தில் பிள்ளைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒரு தடவை காட்டிவிடு என்பார். அடுத்த லீவில் புருஷனிடம் சொன்னாள், கெஞ்சினாள். அது ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, இரண்டு பஸ் மாற வேண்டும், விடியுமுன் போய் வரிசையில் நிற்க வேண்டும், தங்க இடமில்லை என்றார். இழுப்பு வளர வளரப் போய்விடும், எனக்கும் சின்ன வயதில் இருந்தது என்றார்.

அந்தக் கோடி இதுதான். சமையல் செய்துகொண்டே எட்டிப் பார்க்கிற தூரம்.

கீழே இறங்கி வந்தாள். அவர் இன்னும் அந்தச் சுவரண்டையில்தான் நின்றார். அவரைப் பார்க்காமல் இஸ்திரிக்காரம்மாவிடம் சொன்னாள்: "எனக்குக் காலுக்கு ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் இருந்ததில்ல. ஆபரேஷனும் பண்ணல. இவங்கப்பாவத் தூக்கித் தூக்கி இடுப்புதான் போச்சு. நீங்க கொடுத்த தைலத்த அவர் முதுகுலதான் தேச்சேன். எட்டு பேரு ஒரே ரூம்ல இருக்கோம்னு எங்கிட்ட சொன்னாரு. நான் நம்புனேன்."

இஸ்திரிக்காரம்மாவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "அண்ணா?" என்றாள். அண்ணா விளம்பரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பல்லக்கா நடந்தாள். எதிரே ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்தாள். அவர் பின்னாலேயே வந்து, கேட்டில் நின்றுகொண்டார். உள்ளே பெஞ்சுகளில் அம்மாக்கள், மடியில் பிள்ளைகள். மருந்து வாடை. ஒரு குழந்தையின் மூக்கில் மூடியை வைத்துப் புகை மாதிரி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த மூச்சுச் சத்தம் பல்லக்காவுக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் எழுந்துவிடுவாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் தணிந்தது, குழந்தை அம்மாவின் வளையலைப் பிடித்து இழுத்தது. இவ்வளவுதானா என்று நினைத்தாள். இவ்வளவுக்குத்தானா அத்தனை வருஷம்.

நர்ஸ் ஒருத்தி வந்து யாருக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். யாருக்கும் இல்லை, அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதுக்கு மேலாகிவிட்டது என்றாள் பல்லக்கா. நர்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

வெளியே வந்தவள் லாட்ஜுக்குப் போகவில்லை. ஊரைப் பார்க்கத்தானே வந்தாள், பார்ப்போம் என்று நடந்தாள். அந்த மத்தியானம் அவள் நடந்த நடையை அந்த ஊரே கண்டிருக்காது. துணிச் சந்தை, பாத்திரக் கடைகள், பழைய கோட்டைச் சுவர், அச்சகங்கள், ஒரு பூங்கா. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நின்று, நிதானமாக, வெறியோடு பார்த்தாள். இதில் எதையெல்லாம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சாயங்காலங்களில் பார்த்திருக்கலாம் என்று கோபம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். "மெதுவாப் போ, ஒரு வார்த்தை கேளு" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. ஒருமுறை சந்தில் தொலைந்துகூடப் போனார். ஊரில் தெரியாத சந்து இல்லாத மனுஷன்! தேடிப் போக அவளுக்குத் தோன்றவில்லை.

கடைசியில் ஆற்றங்கரைப் பாலத்தடியில் அவள் உட்கார்ந்தபோது, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பக்கத்தில் உட்காரப் போனவர், அவள் பார்த்த பார்வையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"வேற யாராச்சும் இருந்தாளா?" என்று கேட்டாள்.

"சத்தியமா இல்ல."

"அப்புறம் ஏன்?"

"நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினார். முதலில் ஒரு மாதம்தான் என்று நினைத்தாராம். வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் கிடையாது. அப்பாவின் முனகல் இல்லை, பிள்ளையின் இழுப்பு இல்லை, யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். ஒரு ஆளுக்குச் சமைத்து, ரேடியோ கேட்டுக்கொண்டே சாப்பிட்டுப் படுத்துவிடலாம். குடும்பத்தைக் கொண்டுவராவிட்டால் வீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று கம்பெனி சொன்னபோது, குணமானதும் வந்துவிடுவாள் என்று அவள் காலை முடக்கினார். அவள் வருகிறேன் என்றபோது எட்டு ஆம்பளைகளைக் குடிவைத்தார். அதற்குப் பிறகு எந்தப் பொய்யையும் எடுக்க முடியவில்லை, எடுத்தால் எல்லாம் சரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியைப் பற்றி அவர் சொல்லவில்லை.

இன்னொருத்தி இருந்திருந்தால்கூட அவளுக்கு வழி தெரிந்திருக்கும். யார் மேலாவது ஆத்திரப்பட்டிருக்கலாம், வாசலில் போய் நின்று கத்தியிருக்கலாம். இந்த மனுஷன் ஆளே இல்லாத வீட்டுக்காக அவளை விட்டிருக்கிறார். ஒரு தாழ்ப்பாளுக்காக, ஒரு ரேடியோவுக்காக.

"அது உங்க அப்பாங்க" என்றாள். "எங்க அப்பா இல்ல. உங்க அப்பாவுக்கு நான் மலம் அள்ளினேன். உங்க பிள்ளைக்கு மூச்சு நிக்கிறப்பல்லாம் நான் ஓடினேன். எனக்கு நிம்மதி வேணாமா? ஒரு நாளாச்சும் எனக்கும் அது வேணும்னு உங்களுக்குத் தோணுச்சா?"

"தோணல" என்றார். பொய் சொல்லவில்லை. அன்று அவர் சொன்னதில் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது அந்த உண்மைதான்.

அவள் செல்போனை எடுத்து மகளுக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்க."

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பக்கம் மகள் "அப்பா? ஊர் எப்படி இருக்கு? அம்மாவுக்குப் பிடிச்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. மென்று விழுங்கிச் சொன்னார். வீட்டைச் சொன்னார், எட்டு பேரைச் சொன்னார், காலைச் சொன்னார். நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரியையும் சொல்லுங்க" என்றாள் பல்லக்கா.

அதையும் சொன்னார். பிறகு மகள், "அம்மாகிட்ட குடுங்க" என்றாள், அப்பா என்ற வார்த்தை இல்லாமல்.

"அம்மா, சாப்பிட்டியா?"

"இல்ல."

"போய்ச் சாப்பிடு. கோபத்துல கிளம்பி வந்துடாத. ரூம் இன்னும் இருக்கு. அவரை அனுப்பிட்டு, நீ சுத்திப் பாத்துட்டு வா."

பாலத்தடியில் ஒரு கடையில் டீயும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டாள். அவருக்கும் ஒன்று சொல்லவா என்று கடைக்காரர் கேட்டார். அவர் வாயால் அவரே கேட்பார் என்றாள்.

அன்று சாயங்காலம் லாட்ஜ் மேனேஜரிடம் போய் வேறு ரூம் ஒன்று கேட்டு வாங்கி, தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபோதுதான் அழுகை வந்தது. அழுகையில் வருத்தம் கொஞ்சம்தான், பெரும்பாலும் ஆத்திரம். தலையணையைக் கையால் குத்தினாள். பிறகு நன்றாகத் தூங்கினாள்.

விடிந்ததும் அவர் வாசலில் நின்றார். நானும் கூட வரட்டுமா, இன்றைக்கு மெதுவாக நடக்கிறேன் என்றார்.

"வேணாம். உங்களுக்குத்தான் தனியா இருக்கப் பிடிக்குமே. ரயில் ஏறுங்க. ஆனா போறதுக்கு முன்னால அந்தம்மாகிட்ட போய் நீங்களே சொல்லிட்டுப் போகணும்."

போனார். பல்லக்காவும் தெருமுனையில் நின்று பார்த்தாள். இஸ்திரிக்காரம்மா கத்தவில்லை. தேய்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் பெட்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பொண்டாட்டி முடியாதவங்கன்னு பரிதாபப்பட்டு உங்க சட்டை அத்தனையும் சும்மாவே தேச்சுக் கொடுத்தேனே அண்ணா. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு, என் புருஷன் சட்டைக்கு முன்னால உங்க சட்டையத் தேப்பேன். இனி இந்தத் தெருப்பக்கம் வராதீங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார்.

அவர் மறைந்த பிறகு இஸ்திரிக்காரம்மா மேசையை மடக்கினாள். பல்லக்கா எங்கே போகப் போகிறாள் என்று கேட்டாள். தெரியாது, கால் போன வழி என்றாள் இவள். அந்த அம்மாள் இந்தத் தெருவில் வாக்கப்பட்டு வந்தவள், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர எங்கும் போனதில்லையாம். ஆற்றைப் பார்த்தே பல காலமாகிறதாம். கடையைப் பூட்டிவிட்டு அவளும் கிளம்பினாள். இரண்டு பேரும் நாள் முழுக்கச் சுற்றினார்கள். படிக்கட்டுத் தெருவில் ஏறி இறங்கினார்கள், பாலத்தை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நடந்தார்கள். போகும் வழியெல்லாம் அவரைத் திட்டினார்கள். ஒருத்தி களைத்தால் இன்னொருத்தி தொடர்ந்தாள். சாம்பல் நிறக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை, பழுது என்று அட்டை தொங்கியது. அதைப் பார்த்து இருவரும் வாசலிலேயே நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வீடு திரும்பிய பிறகு அவள் அவரை விட்டுப் போகவில்லை. அது அவளும் கட்டிய வீடு, அவள் ஏன் போக வேண்டும்? முன்னறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தாள். அங்கே ஒரு ஸ்டவ்வும் ஒரு பாத்திரமும் வைத்தாள். ஒரு ஆளுக்குச் சமைக்கத்தான் அவருக்குத் தெரியுமே. மகள் வந்தால் அம்மாவோடு உட்காருவாள். முன்னறையில் எட்டிப் பார்த்து நலம் விசாரிப்பாள், அவ்வளவுதான். இஸ்திரிக்காரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள், பேச்சு மணிக்கணக்கில் போகும்.

ஒருநாள் காலையில் பல்லக்கா பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் முன்னறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டார்.

"நீங்க எத்தனை வருஷம் இருந்தீங்க?" என்றாள்.

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பஸ் வர நேரம் இருந்தது. நிற்கப் பிடிக்காமல் நடந்தே போனாள். அன்று பட்டறையில் மேல் செட் ஒன்றும் கீழ் செட் ஒன்றும் முடிக்க வேண்டியிருந்தது.